குளிருக்கு இரண்டு நம்பர் மேலே

அந்தப் பிஸ்டனை இன்னும் டிராயரில் வைத்திருக்கிறேன். எக்சாஸ்ட் பக்கம் மேலிருந்து கீழ்வரை உரசிக் கோடு விழுந்திருக்கும். உருகிய அலுமினியம் அப்பியதில் ரிங் தன் பள்ளத்திலேயே சிக்கி, நகத்தால் நெம்பினாலும் அசையாது. வெயில் காலத்தில் நான் டியூன் செய்து கொடுத்த 125 சிசி டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக்கின் பிஸ்டன் அது. குளிர் தொடங்கிய முதல் வாரத்திலேயே சிலிண்டருக்குள் சிக்கிப் பிடித்துக்கொண்டது.

பிடிப்பதற்கு முந்தைய நாள் வண்டிக்காரப் பையன் போன் செய்திருந்தான். "அண்ணே, வண்டி இப்பதான் செமயா போகுது, பிக்கப் பிச்சுக்கிட்டு வருது." எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் இன்றுவரை உறுத்துகிறது. குளிரில் ஒரு டூ ஸ்ட்ரோக் திடீரென்று சுறுசுறுப்பானால், மிக்சர் லீனாகிக்கொண்டிருக்கலாம், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வராமல் இருக்கலாம். வண்டியை உடனே ஓரம்கட்டு என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிலோ. 0 டிகிரியில் அதுவே 1.29 கிலோ. அதே துளை, அதே த்ராட்டில், ஆனால் உள்ளே போகும் ஆக்சிஜன் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடிவிடுகிறது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டருக்கு இது தெரியாது. பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் துளை தானாகப் பெரிதாகப் போவதில்லை. பெட்ரோல் குறைந்தால் எரிப்பின் சூடு ஏறும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது என்பதால் பிஸ்டனுக்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும் சேர்ந்தே குறைகின்றன.

நிறைய பேர் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருப்பிவிட்டு, குளிருக்கு செட் பண்ணியாச்சு என்கிறார்கள். அது ஐடிலுக்கும் கால் த்ராட்டில் வரைக்கும்தான் பேசும். அதற்கு மேல் முக்கால் வரை கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஊசியின் வேலை. முழுசாக முறுக்கினால் மெயின் ஜெட். நேர்ப்பாதையில் முழு த்ராட்டிலில் பறக்கும்போது பிஸ்டனைக் காப்பாற்றுவது அந்தச் சின்னப் பித்தளைத் துண்டுதான்.

நான் கீழிருந்துதான் தொடங்குவேன். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஏர் ஸ்க்ரூவை முழுசாக மூடி ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து வைத்து, அங்கிருந்து கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று மெதுவாகத் திருப்புவேன். காதுக்குத்தான் வேலை. ஐடில் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்தி, லேசாக முறுக்கிப் பார்க்க வேண்டும். தயங்காமல் எடுக்க வேண்டும். விட்டதும் ஐடில் மேலேயே தொங்காமல் உடனே இறங்க வேண்டும். அந்த இடம் ஒரு சுற்றுக்கும் உள்ளே விழுந்தால் ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாக்க வேண்டும். எப்படிச் செய்தாலும் ஐடில் தொங்குகிறதென்றால் ஜெட்டை விட்டுவிட்டு கிராங்க் சீலையும் இன்டேக் ரப்பரையும் பாருங்கள். காற்று கசியும் வண்டியில் ஜெட் மாற்றுவது நோயை மூடிவைக்கிற வேலை.

அப்புறம் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறி, நடு த்ராட்டிலில் பெட்ரோல் கூடி மிக்சர் ரிச்சாகும். கடைசியாக மெயின் ஜெட். புது ஸ்பார்க் பிளக் போட்டு, முழு த்ராட்டிலில் ஓடவிட்டு, அப்படியே எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்து நிறுத்திக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானின் நுனி எதையும் சொல்லாது, உள்ளே அடிவேரில் இருக்கும் வளையத்தைத்தான் பார்க்க வேண்டும்.

குளிருக்கு ஆயிலைக் கொஞ்சம் கூட ஊற்றினால் பிஸ்டனுக்கு நல்லது என்று நினைத்து ஊற்றுபவர்கள் உண்டு. ஒரு லிட்டருக்கு 25 மில்லி ஊற்றிய இடத்தில் 31 ஊற்றினால் பெட்ரோல், ஆயில் விகிதம் 40:1 என்பது 32:1 ஆகும். அதே ஜெட் வழியாக வரும் பெட்ரோலின் பங்கு சற்றுக் குறைந்து மிக்சர் இன்னும் கொஞ்சம் லீனாகத்தான் போகும். ஆயில் அளவை மாற்றினால் ஜெட்டிங்கையும் மறுபடி பார்த்தாக வேண்டும்.

ஜெட்டெல்லாம் சரியாக இருந்தாலும், சூடேறாத எஞ்சினை முறுக்கினால் பிஸ்டன் பிடிக்கும். பிஸ்டன் வேகமாக விரிகிறது, குளிர்ந்து கிடக்கும் சிலிண்டர் மெதுவாகத்தான் விரிகிறது. பிஸ்டனில் நாலு இடத்தில் உரசல் தெரிந்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான். எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைத் தடுத்துவைக்கும் தெர்மோஸ்டாட் பல டர்ட் பைக்குகளில் கிடையாது. ரேடியேட்டரைத் தொட்டு வெதுவெதுப்பு தெரிகிற வரை பொறுங்கள். கடும் குளிரென்றால் ரேடியேட்டரில் ஒரு பகுதியை டேப் ஒட்டி மூடிவிடுவேன்.

பையனின் வண்டிக்குப் புது பிஸ்டன் போட்ட பிறகு, விடியற்காலையில் அவனையும் அழைத்துக்கொண்டு போய்த்தான் டியூன் செய்தேன். மெயின் ஜெட் 165 இருந்த இடத்தில் இரண்டு நம்பர் மேலே 170 உட்கார்ந்தது. பிளக்கைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்தேன். அடிவேரில் மெல்லிய பழுப்பு வளையம் சுற்றிலும் சீராக இருந்தது. பிக்கப் முன்னைவிடக் கொஞ்சம் மந்தம் என்றான். ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்றேன்.

இப்போது என் வேலைச் சீட்டில் ஜெட் நம்பருக்குப் பக்கத்தில் அன்றைய டிகிரியையும் எழுதுகிறேன். அவன் சீட்டில் இருப்பது: காற்று 2 டிகிரி, மெயின் 170, கிளிப் ஒரு பள்ளம் கீழே, ஏர் ஸ்க்ரூ ஒன்றரை. அதற்கும் கீழே பெரிய எழுத்தில், வெயில் வந்ததும் வண்டியைக் கொண்டுவா, நம்பரை இறக்கணும்.