கால் கிண்ணத்தின் துளைகள்

கொரியாவின் பழைய மட்கலங்களில் நான் முதலில் பார்ப்பது, உயரமான கால் வைத்த கிண்ணங்களின் காலில் வெட்டப்பட்ட நீள்சதுரத் துளைகளைத்தான். மேல் வரிசைத் துளைகளும் கீழ் வரிசைத் துளைகளும் நேர்கோட்டில் நின்றால் பெரும்பாலும் அது பழங்கொரியச் சிற்றரசுகளின் கூட்டமான கயாவினுடையது. மாறி மாறி நின்றால் அதன் அண்டை அரசான சில்லாவினுடையது. அரசுகளின் எல்லையைக் குயவரின் கத்தி காட்டிக்கொடுப்பது எனக்கு இன்றும் வியப்புதான். மலைச்சரிவில் அமைந்த நீண்ட சூளையில், 1,000 பாகை செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில், காற்றை அடக்கிச் சுட்டதால் இவை சாம்பல் நிறமேறி, தட்டினால் கணீரென ஒலிக்குமளவு இறுகின. 5ஆம் நூற்றாண்டில் இக்கைவினைஞர்கள் கடல் கடந்தபோது, குறைந்த வெப்பத்தில் செந்நிற ஹாஜி கலங்களைச் சுட்டுவந்த ஜப்பானில், இன்றைய ஒசாகாவுக்குத் தெற்கே புதிய சூளைகள் எழுந்து, சுவே என்னும் சாம்பல் நிறக் கலம் பிறந்தது. தொடக்ககாலச் சுவே கலத்தைக் கயா கலத்தின் அருகில் வைத்தால் பிரித்தறிவது எளிதன்று.