அம்மாவுடன் இஸ்தான்புல் லொகாந்தாக்களில்

அக்டோபர் 8, 2024, செவ்வாய்

முதல் நாளே ஏமாந்தோம். இரவு எட்டு மணிக்கு ஒரு லொகாந்தாவுக்குள் (எளிய சாப்பாட்டுக் கடை) நுழைந்தால் முக்கால்வாசிப் பாத்திரங்கள் காலி. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் மதியம் வந்து சாப்பிடும் இடம் இது. காலையில் சமைத்தது தீர்ந்தால் தீர்ந்ததுதான். மிச்சமிருந்த மசூர் பருப்பு சூப்பில் எலுமிச்சை பிழிந்து, ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டோம். "காய்ச்சல்காரிக்குக் கொடுக்கிற மாதிரி இதமா இருக்கு" என்றார் அம்மா.

அக்டோபர் 9, புதன்

படகேறி, நகரின் ஆசியக் கரையில் இருக்கும் உஸ்குதார். 1933 முதல் நடக்கும் கனாஅத் லொகாந்தா. மெனு அட்டையைத் தேடவே வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் வரிசையாக இருக்கிறது, விரலை நீட்டினால் தட்டில் விழுகிறது. மொழி தெரியாத அம்மா என்னை முந்திக்கொண்டு போய் நின்றுவிட்டார்.

இமாம் பயல்தி வாங்கினோம். கத்தரிக்காயைக் கீறி, வெங்காயம், பூண்டு, தக்காளி அடைத்து, ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வேகவைப்பது. 'இமாம் மயங்கிவிட்டார்' என்று பொருள். வாயில் வைத்ததும் அம்மாவின் முகம் மாறியது. "ஆறிப்போச்சே, சூடு பண்ணித் தரச் சொல்லு."

ஆறவைத்துத்தான் பரிமாறுவார்கள் என்று விளக்கினேன். வெண்ணெயோ ஆட்டுக்கொழுப்போ ஆறினால் உறைந்துவிடும், ஆலிவ் எண்ணெய் அப்படி உறையாது. அதனால்தான் இந்த வகைக்கே 'ஸெய்தின்யால' (ஆலிவ் எண்ணெயிட்டது) என்று பெயர். மறுநாள் இன்னும் ருசி கூடுமாம். அம்மா கொஞ்சம் யோசித்தார். "வத்தக்குழம்பு மாதிரின்னு சொல்லு." அப்புறம் எண்ணெயைக்கூட விடாமல் ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டார்.

அக்டோபர் 10, வியாழன்

1557-இல் ஒட்டோமான் கட்டடக் கலைஞர் சினான் கட்டி முடித்த சுலைமானியே மசூதிக்கு எதிரே ஒரே வரிசையில் பீன்ஸ் கடைகள். இங்கே சாப்பிட வேண்டியது குரு ஃபசுல்யே: ராத்திரி ஊறவைத்த வெள்ளை பீன்ஸை வெங்காயம், வெண்ணெய், தக்காளி விழுது சேர்த்துக் குழைய வேகவைத்தது. பக்கத்தில் பிலாவ், ஊறுகாய், மோர் மாதிரி ஐரான். சோற்றின் மேலேயே ஊற்றச் சொன்னால் அப்படியே தருகிறார்கள். நம் சாம்பார் சாதத்துக்குப் பழகிய கைக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை. 'அஸ்' என்றால் 'கொஞ்சம்' என்று கற்றுக்கொண்டோம். கொஞ்சமாக வாங்கினால் மூன்று வகை ருசி பார்க்கலாம்.

கெபாபை மட்டும் தின்றுவிட்டுத் திரும்புகிறவர்களை நினைத்தால் உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. இந்த ஊர் அன்றாடம் உண்பது பானைச் சமையல்.

அக்டோபர் 12, சனி

கடிகோய் பகுதியில் சியா என்ற உணவகம். மூசா தாவ்தெவிரென் 1987-இல் தொடங்கியது. நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் அலைந்து, மறக்கப்பட்டுவரும் கிராமத்துச் சமையலைத் திரட்டிப் பரிமாறுகிறவர் அவர். பாகில் ஊறிய பச்சை வால்நட்டை ஓட்டோடு சாப்பிட்டோம், கறுப்பாக, மெத்தென்று. கத்தரிக்காயையும் அப்படியே இனிப்பாக்கியிருந்தார்கள். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் செய்து பார்க்கப் போகிறாராம்.

இங்கே சமைத்தவரிடம் 'எலினிஸே சாலக்' என்பார்கள், 'உங்கள் கை நலமாக இருக்கட்டும்' என்று. படகிலேயே அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். கிளம்பும்போது கரண்டியோடு நின்ற அம்மாளிடம் அம்மா அதைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அந்த அம்மாள் நெஞ்சில் கைவைத்து, "அஃபியெத் ஓல்சுன்" (சாப்பிட்டது உடம்புக்கு நல்லதாக அமையட்டும்) என்றார். வெளியே வந்த பிறகும் அம்மா இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தார்.