‘ஜோக்கர்’ படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா?

ராஜு முருகனின் தமிழ் ‘ஜோக்கர்’ இல்லை. 2019-ல் டாட் ஃபிலிப்ஸ் இயக்கத்தில் வாக்கீன் ஃபீனிக்ஸ் நடித்த ஆங்கிலப் படம். பேட்மேன் கார்ட்டூனில் வரும் அதே பெயர், அதே பச்சை முடி, அதே கோமாளிச் சாயம். பத்து வயசுப் பிள்ளை கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் இதில் பறக்கிற ஹீரோவும் இல்லை, கடைசியில் வந்து காப்பாற்றுகிறவரும் இல்லை. மனசு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று ஜோக்கராக மாறும் ஆர்தர் என்ற ஒருவனோடு 122 நிமிடம் இருக்க வேண்டும்.

முதலில் சான்றிதழ். இந்தியாவில் ‘ஏ’, பிரிட்டனில் 15, அமெரிக்காவில் ‘ஆர்’. ‘ஏ’ என்றால் 18 நிரம்பாதவரை அப்பா அம்மாவே கூட்டிக்கொண்டு வந்தாலும் தியேட்டரில் விடக்கூடாது. பிரிட்டனின் 15-ம் அதே கறார்தான், வயசு மட்டும் குறைவு. அமெரிக்க ‘ஆர்’ அப்படியில்லை. 17 ஆகாத பிள்ளை பெரியவரோடு வந்தால் உள்ளே போகலாம். அதனால் “அமெரிக்காவிலேயே சின்னப் பிள்ளைகளை விடுகிறார்களே” என்ற வாதம் செல்லாது. அங்கே முடிவைப் பெற்றோர் தலையில் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதைவிட உபயோகமானது, சான்றிதழோடு வரும் காரண வரி. அமெரிக்காவில் இந்தப் படத்துக்குச் சொன்னது: ரத்தக்களரியான கடும் வன்முறை, மனதைக் கலங்கடிக்கும் நடத்தை, வசைச்சொற்கள், சில நொடி பாலியல் படங்கள். வன்முறையையும் வசையையும் யாரும் எண்ணிவிடலாம். ‘கலங்கடிக்கும் நடத்தை’ என்பதற்குள் என்ன இருக்கிறது என்று அந்த வரி சொல்வதில்லை. இந்த மாதிரிப் படங்களில் பிள்ளைகளைப் பாதிப்பது பெரும்பாலும் அதுதான்.

இனி வருவதில் கதை உடையும். பெற்றோருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். ரத்தம் என்று பார்த்தால் இடங்கள் குறைவு. அரை மணி நேரம் வாக்கில் சுரங்க ரயிலில் மூன்று பேர் சுடப்படுகிறார்கள். மற்றதெல்லாம் கடைசி முக்கால் மணி நேரத்தில்: மருத்துவமனையில் தாயைத் தலையணையால் அமுக்குவது, வீட்டுக்கு வந்த சக ஊழியரைக் கத்தரிக்கோலால் குத்துவது, தொலைக்காட்சி நேரலையில் சுடுவது. இவற்றில் கத்தரிக்கோல் காட்சிதான் மோசம். அங்கே இன்னொருவர், உயரம் குறைந்த மனிதர், நடுங்கிக்கொண்டு மூலையில் நிற்கிறார். தப்பி ஓட வந்தால் கதவின் மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை. கொலைகாரனிடமே திறந்துவிடச் சொல்லிக் கேட்கிறார். தியேட்டரில் சிலர் சிரிக்கும் இடம் அது. கொலைக்கும் சிரிப்புக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று பெரியவர்களுக்கே தடுமாறும். பன்னிரண்டு வயசுக்கு அது வெறும் குழப்பம்.

ஆனால் என் கணக்கில் பெரிய சிக்கல் கேமரா யார் பக்கம் நிற்கிறது என்பது. முதல் காட்சியிலிருந்தே நாம் ஆர்தரோடு இருக்கிறோம். அவன் அடிபடுகிறான், கேலிக்கு ஆளாகிறான், அரசு நிதி வெட்டில் ஆலோசனையும் மருந்தும் நின்றுபோகின்றன. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பழகியதெல்லாம் கற்பனை என்று பின்னால்தான் தெரிகிறது. ‘அப்படியானால் இதற்கு முன் பார்த்ததில் எது நிஜம்?’ என்று தானாகக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்குப் படம் வேறு மாதிரி புரியும். கேட்கத் தெரியாத பிள்ளைக்கு, அவமானப்பட்டவன் துப்பாக்கி எடுத்ததும் ஊரே கைதட்டியது என்பது மட்டும் மிஞ்சும். பள்ளியில் கேலிக்கு ஆளாகும் பதின்மூன்று, பதினான்கு வயசுப் பையனுக்கு அதனால்தான் நான் வேண்டாம் என்பேன், அவன் எத்தனை ரத்தப் படம் பார்த்திருந்தாலும்.

இன்னொன்று, ஓரமாக வந்து போகும் வசனம். மருந்தை நிறுத்திவிட்டேன், இப்போது தேவலை என்கிறான் ஆர்தர். மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை எடுக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த ஒரு வரி கத்தரிக்கோலைவிட ஆபத்து. தற்கொலையை ஒத்திகை பார்க்கும் காட்சியும் உண்டு.

பயம் வயசுக்கு வயசு மாறும். ஏழெட்டு வயசுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியும் உருவம்தான் பயமுறுத்தும். சாயம் பூசிய முகமே போதும். அந்த வயசில் “இது நடிப்புதான்” என்று விளக்கினால் பெரிதாக எடுபடாது. மடியில் உட்காரவைத்து விளக்கைப் போடுவதுதான் வேலை செய்யும். அதற்கு மேலே போகப்போக ‘நிஜத்தில் நடக்கக்கூடியது’ பயமுறுத்துகிறது: அம்மா சொன்னது பொய்யாக இருப்பது, தெரிந்தவரே தாக்குவது. இந்தப் படத்தில் இரண்டும் இருக்கின்றன. என் தீர்ப்பு: 13-க்குக் கீழே கிடையவே கிடையாது, 15 வரை பொறுங்கள், 16, 17-க்கு வீட்டில், பெரியவர் பக்கத்தில் இருந்தால் சரி.

முடிவெடுக்க டிரெய்லரை நம்பாதீர்கள். நடனத்தையும் இசையையும் காட்டும், தலையணையைக் காட்டாது. பிரிட்டன் தணிக்கை வாரியத்தின் தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளடக்கக் குறிப்பு இருக்கிறது. ஐஎம்டிபி (IMDb) என்ற சினிமாத் தகவல் தளத்தில் பெற்றோருக்கான பகுதியில் காட்சி காட்சியாகப் போட்டிருப்பார்கள். எழுதுவது பொதுமக்கள் என்பதால் சிலது மிகையாக இருக்கும். படித்துவிட்டு, கடைசி முக்கால் மணி நேரத்தை மட்டுமாவது நீங்கள் முதலில் தனியாகப் பாருங்கள். ஓட்டிப் பார்க்காதீர்கள், இங்கே கனம் கூட்டுவது செல்லோ இசையும் மௌனமும்தான், வேகமாக ஓட்டினால் இரண்டும் காணாமல் போகும்.

பிள்ளையோடு பார்க்கும்போது பகலில் வையுங்கள், ஒலியைக் குறையுங்கள், ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் உண்மை தெரியும் இடத்தில் நிறுத்தி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். நீங்கள் விளக்கம் ஆரம்பித்தால் பாடம் நடத்துகிறீர்கள் என்று காதை மூடிக்கொள்வார்கள். பாதியில் பிள்ளை போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தால் சலிப்பு என்று நினைக்க வேண்டாம்; பார்க்க முடியாமல் கண்ணைத் திருப்புவதாகவும் இருக்கலாம். அப்போது கேட்டுவிட்டு அணைத்துவிடலாம். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் ஓடிடி-யில் பெரியவர் புரொஃபைலுக்கு ரகசிய எண் (PIN) போடுங்கள். இல்லாவிட்டால் ‘தொடர்ந்து பார்க்க’ வரிசையில் அந்தக் கோமாளி முகம் முதலில் வந்து நிற்கும்.