ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பத்திரமா வைங்க

கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி அமெரிக்காவில் ஒரு டிவிஷன் 2 (கல்லூரி விளையாட்டின் இரண்டாம் நிலை) கல்லூரியின் கூடைப்பந்து அணியில் சேர்ந்து, இது எனக்கு இரண்டாவது சீசன். ஊரில் ஆடும் தங்கச்சிகள் "அக்கா, எப்படிப் போனீங்க, எவ்வளவு உயரம் வேணும், எவ்வளவு குதிக்கணும்"னு மெசேஜ் பண்ணுகிறார்கள். உயரமும் குதிப்பும் வேண்டும்தான். ஆனால் என்னை ஏழு மாதம் இழுத்தடித்தது ஒரு மார்க் ஷீட், அதனால் அதிலிருந்தே சொல்கிறேன்.

கோச்சுக்கு உங்களைப் பிடித்துவிட்டால் போதாது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் எலிஜிபிலிட்டி சென்டர் உங்கள் படிப்பையும், நீங்கள் தொழில்முறை ஆட்டக்காரர் இல்லை என்பதையும் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் மேட்ச் ஆடலாம். அவர்கள் பார்ப்பது பிளஸ் டூ மட்டுமில்லை, ஒன்பதாவதிலிருந்து ஒவ்வொரு வருட மதிப்பெண்ணும் வேண்டும். இங்கிலீஷ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மாதிரிப் பாடங்களில் மொத்தம் 16 கோர் கோர்ஸ், அதாவது அவர்கள் ஏற்கும் முக்கியப் பாடங்கள்; நாலுக்குப் போடும் சராசரி டிவிஷன் 1-க்குக் குறைந்தது 2.3, டிவிஷன் 2-க்கு 2.2. எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வை 2023-லிருந்து என்.சி.ஏ.ஏ. கேட்பதில்லை. நான் காமர்ஸ் குரூப், அக்கவுண்டன்சியில் நல்ல மார்க், அது இந்தப் பதினாறில் சேராததால் எனக்கு எதற்கும் உதவவில்லை.

பத்தாவதில் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு மாறியவள் நான். ஒன்பதாவது படித்தது வேறு பள்ளி. நம்மூரில் ஒன்பதாவது ரேங்க் கார்டை யார் எடுத்து வைக்கிறோம்? அப்பா பழைய பள்ளிக்குப் போனால், "அந்த வருஷ ரெக்கார்டு எங்க இருக்குன்னு தெரியலீங்க" என்றார்கள். ஷிஃப்டு முடித்துவிட்டு நாலு தடவை போனார். ஐந்தாவது தடவை ஒரு டீச்சர் மனசு வைத்து, பழைய ரெஜிஸ்டரைத் தேடி எடுத்து, மதிப்பெண்களை லெட்டர்பேடில் எழுதி எச்.எம். கையெழுத்தும் சீலும் வாங்கிக் கொடுத்தார். தமிழில் இருந்ததையெல்லாம் அப்புறம் மொழிபெயர்த்துச் சான்றிதழோடு அனுப்பினோம். அந்த டீச்சர் இல்லையென்றால் நான் இன்றைக்கு இங்கே இல்லை.

அடுத்தது அமெச்சூர் கேள்விகள். எந்தெந்த அணிக்கு ஆடினாய், யார் செலவு செய்தார்கள், பணம் வாங்கினாயா என்று எல்லாம் கேட்பார்கள். எனக்கு ஒரு டோர்னமெண்டில் ரொக்கப் பரிசு கிடைத்திருந்தது. மறைத்துவிடு என்று சொன்னவர்கள் உண்டு. என் கோச் சார் மட்டும் "உள்ளதை எழுதும்மா" என்றார். அங்கே போய் வந்த செலவுக்குள்தான் அந்தத் தொகை என்பதை டிக்கெட்டோடு விளக்கி எழுதினேன், பிரச்சினை வரவில்லை. தயவுசெய்து எதையும் மறைக்காதீர்கள்.

வீடியோ பற்றி ஒரு வார்த்தை. நாற்பது கோச்சுகளுக்கு மேல் மெயில் அனுப்பினேன், முதலில் மியூசிக் போட்ட ஹைலைட்ஸ். பதில் போட்டவர்கள் கேட்டது முழு மேட்ச்: தோற்ற மேட்ச் என்றாலும் பரவாயில்லை, டிஃபென்ஸில் எப்படித் திரும்பி ஓடுகிறாள் என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் இருந்து முடியுமா என்ற சந்தேகம் வந்தபோதெல்லாம் பெங்களூரு சஞ்சனா ரமேஷ் நார்தர்ன் அரிசோனாவுக்கும், ஹர்சிம்ரன் கவுர் சான் டியாகோ பல்கலைக்கழகத்துக்கும் ஆடியதை நினைத்துக்கொள்வேன்.

பணம். டிவிஷன் 2 பெண்கள் அணிக்கு 10 பேருக்கான முழு உதவித்தொகை அளவுதான் உச்சவரம்பு, அதைத்தான் அணி முழுக்கப் பிரித்துக் கொடுப்பார்கள். எனக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல் கிடைத்தது. மீதிக்கு வங்கிக் கணக்கு, கல்விக்கடன் என்று காட்டினால்தான் கல்லூரி ஐ-20 என்ற சேர்க்கைப் படிவத்தை அனுப்பும், அது வந்தபிறகு வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம், அப்புறம் எஃப்-1 என்ற மாணவர் விசா. சென்னையில் அண்ணா மேம்பாலம் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இண்டர்வியூ மூன்று நிமிஷம்கூட இல்லை. மீதிப் பணம் யார் கட்டுவது, என்ன படிக்கப் போகிறாய், எந்தப் பொசிஷன். "போஸ்ட்" (வளையத்துக்குப் பக்கத்தில் உயரமானவர்கள் ஆடும் இடம்) என்றதும் அந்த அதிகாரி தலை நிமிர்ந்து என் உயரத்தைப் பார்த்துச் சிரித்தார். இன்னொன்று: டீம்மேட்ஸ் விளம்பரத்தில் நடித்துப் பணம் வாங்குவதைப் பார்த்து நீங்களும் இறங்கிவிடாதீர்கள், எஃப்-1-இல் அந்த வேலைக்கு அனுமதி இல்லை, விசாவுக்கே ஆபத்து.

வந்து இறங்கியதும் மெடிக்கல், சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டுக்கான பரிசோதனை, பேப்பர்கள். அதன் பிறகுதான் கோர்ட். பந்து கைக்கு வந்தால் 24 செகண்டுக்குள் ஷூட் பண்ணிப் பழகியவளுக்கு இங்கே 30 செகண்ட், அது ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பழகாதது ஒன்று. ஊரில் நாம் ஆடும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியில் பந்து வளையத்தில் பட்டபிறகு தட்டலாம், அதில்தான் நான் ஊரில் பாயிண்ட் எடுத்தேன். இங்கே வளையத்துக்கு மேலே பந்து இருக்கும்வரை தொடக்கூடாது. முதல் ஸ்க்ரிமேஜில், அதாவது பயிற்சி மேட்சில், மூன்று தடவை விசில். அப்புறம் தினமும் பிராக்டிஸ் முடிந்து அசிஸ்டண்ட் கோச் பந்தை வளையத்தில் போட்டுப் போட்டுக் காட்ட, நான் கையைக் கீழேயே வைத்துப் பழகினேன். இப்போதும் பந்து வளையத்தில் உருண்டால் கை தானாக மேலே எழும்பும், பிடித்து இறக்கிக்கொள்கிறேன்.