ஜிஎம்ஏ 950 கிராபிக்ஸில் கீகேட்: பழைய லேப்டாப்பில் பிசிபி எடிட்டரை ஓட வைத்தது

லேப்டாப்பில் இன்டெல் 945ஜிஎம் சிப்செட் (ஜிஎம்ஏ 950 கிராபிக்ஸ் இதற்குள்ளேயே), கோர் 2 டுவோ, 2 ஜிபி ரேம். அதில் டெபியன் 12 லினக்ஸ், அதன் களஞ்சியத்திலேயே கிடைக்கும் கீகேட் 6 (மின்சுற்றுப் பலகை, அதாவது பிசிபி வடிவமைக்கும் மென்பொருள்). சுற்று வரைபடம் போடும் ஸ்கிமேட்டிக் எடிட்டர் ஓரளவு ஓடியது. இரண்டு லேயர் போர்டு ஒன்றை, இரு பக்கமும் கிரவுண்டு ஜோனோடு (செம்பு நிரப்பிய பரப்பு), பிசிபி எடிட்டரில் திறந்ததும் மவுஸை நகர்த்தினால் கர்சர் ஆற அமரப் பின்னால் வந்தது.

எந்த செட்டிங்கையும் தொடுமுன் திரையை யார் வரைகிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். மேசா-யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளை அதைச் சொல்லும். ரெண்டரர் வரியில் ஐ915 என்று வந்தால் வேலை கிராபிக்ஸ் சிப்புக்குப் போகிறது. எல்எல்விஎம்பைப் என்று வந்தால் முழுச் சுமையும் சிபியு தலையில்.

கீகேட் கேட்பது கிராபிக்ஸ் சிப்பைக் கொண்டு வரைய உதவும் இடைமுகமான ஓப்பன்ஜிஎல் 2.1, கூடவே ஃபிரேம்பஃபர் வசதி. இல்லையென்றால் எச்சரிக்கை காட்டிவிட்டு மென்பொருள் வரைவுக்குத் தானே மாறிக்கொள்ளும். இந்த லேப்டாப்பில் அந்த எச்சரிக்கையே வரவில்லை. சிக்கலே அதுதான். லினக்ஸின் மேசா கிராபிக்ஸ் டிரைவர் 2.1 என்று அறிவித்துவிடுகிறது, கீகேட்டும் நம்பிவிடுகிறது. ஆனால் ஜிஎம்ஏ 950-க்கு வன்பொருளில் வெர்டெக்ஸ் ஷேடர் (வடிவங்களின் முனைகளைக் கணக்கிடும் பகுதி) கிடையாது; அந்தக் கணக்கை சிபியு போடுகிறது. புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிடும் பிக்சல் ஷேடரிலும் 64 கணித ஆணைகளுக்கு மேல் இடமில்லை. டிரைவர் காட்டும் எண் எதை ஏற்றுக்கொள்ளும் என்பதற்குத்தான், எவ்வளவு வேகம் என்பதற்கல்ல.

எனவே கெய்ரோவுக்கு, அதாவது கீகேட்டின் மென்பொருள் வரைவுக்கு, நாமே மாற்றினோம். பிரிஃபரன்சஸில் டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸ் பக்கம், ரெண்டரிங் எஞ்சின் என்ற இடத்தில் ‘ஃபால்பேக் கிராபிக்ஸ்’. 6-ஆம் பதிப்பில் இது எடிட்டருக்கு எடிட்டர் தனி; ஸ்கிமேட்டிக்கில் மாற்றியது பிசிபிக்குப் பொருந்தாது. எடிட்டர் திறந்த உடனே மூடிக்கொண்டால் மெனுவுக்கே போக முடியாது. அப்போது கீகேட்டை முழுவதும் மூடிவிட்டு, பயனர் கோப்புறையில் மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவில் கீகேட், 6.0 என்று உள்ளே போய், பிசிபிநியூ ஜேசன் கோப்பில் ‘கேன்வாஸ் டைப்’ மதிப்பை 1-லிருந்து 2 ஆக்கலாம். 1 ஓப்பன்ஜிஎல், 2 கெய்ரோ. நிரல் திறந்திருக்கும்போது திருத்தினால் மூடும் நேரத்தில் பழைய மதிப்பையே மேலே எழுதிவிடும்.

கெய்ரோவின் குணம் வேறு. ஓப்பன்ஜிஎல் முறையில் போர்டின் வடிவங்கள் ஒருமுறை கட்டப்பட்டு நினைவகத்தில் இருக்கும். நகர்த்தும்போது பார்வைக் கோணம் மட்டுமே மாறும். கெய்ரோவிலோ ஒவ்வொரு நகர்வுக்கும் கண்ணில் படும் எல்லாமே சிபியுவால் மறுபடி வரையப்படும். ஆகவே திரையில் இருப்பதைக் குறைப்பதே வழி. பெரிய மிச்சம் ஜோனில்தான்: இடப்பக்கப் பட்டையில் ஜோனின் எல்லைக்கோட்டை மட்டும் காட்டும் பொத்தான் இருக்கிறது, டிராக் (செம்புத் தடம்) போடும்போது அதிலேயே இருங்கள். டிஆர்சி (வடிவமைப்பு விதிச் சோதனை) ஓட்டும் முன் ஜோன்களை மறுபடி நிரப்ப ‘பி’ (B) விசை. அடுத்தது கிரிட்: புள்ளிகளாக வைத்தால் ஒவ்வொரு சந்திப்பும் தனியே வரையப்படுகிறது, கோடுகளாக மாற்றினால் வேலை குறைவு. கோட்டு விளிம்புகளை மென்மையாக்கும் ஆன்டிஅலையாசிங்கை அணைத்துவிடுங்கள். வேலைக்கு வேண்டாத சில்க் (அச்செழுத்து), ஃபேப் (தயாரிப்புக் குறிப்பு), கோர்ட்யார்ட் (பாகத்தின் எல்லை) லேயர்களையும் மறைத்துவிடலாம்.

எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பின் கம்போசிட்டரை (சாளரங்களை ஒன்றுசேர்த்துக் காட்டும் பகுதி) நிறுத்தியதும் சிறிது உதவியது. எல்எல்விஎம்பைப்பைக் கட்டாயப்படுத்துவது இந்த வகை சிபியுவில் வீண். இரண்டு கோர் போதாது, கெய்ரோவே மேல்.

விண்டோஸில் இதே மந்தம் என்றால் டிவைஸ் மேனேஜரில் முதலில் பாருங்கள். ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்றிருந்தால் டிரைவரே இல்லை, கிடைப்பது ஓப்பன்ஜிஎல் 1.1 மட்டும். இன்டெல் எச்டி 3000 போன்ற சிப்புக்குச் சரியான டிரைவர் ஏறினால் 3.1 கிடைக்கும், கெய்ரோவே தேவைப்படாது.

3டி வியூவருக்குக் கெய்ரோ மாற்று கிடையாது, அதற்கு ஓப்பன்ஜிஎல் வேண்டும். இந்த லேப்டாப்பில் அதைத் திறப்பதையே விட்டுவிட்டு, ஸ்டெப் என்ற 3டி மாதிரிக் கோப்பாக ஏற்றுமதி செய்து வேறு கணினியில் பார்த்தோம். போர்டு தயாரிக்க அனுப்பும் கெர்பர் கோப்புகளுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. எந்த எஞ்சினில் வரைந்தாலும் வெளியீடு ஒன்றுதான்.

பாரம் குறையட்டும் என்று கீகேட்டின் பழைய 5.1 பதிப்புக்கு இறங்க நினைப்பவர்கள் கவனிக்க: 6-இல் சேமித்த ஸ்கிமேட்டிக்கை 5.1 திறக்காது. கோப்பு வடிவமே மாறிவிட்டது, பின்னோக்கிச் சேமிக்கும் வசதியும் இல்லை.