விழுந்த மரத்தை வேரில் எண்ணணும்

விஏஓ, அதாவது கிராம நிர்வாக அலுவலர், வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் போன் செய்தால் கடைசியில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "அக்கா, வேலை ஈஸிதானே? சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடுறதுதானே?" பாதி உண்மை. மீதிப் பாதியை நான் கற்றுக்கொண்டது 2018 நவம்பரில், கஜா புயலுக்குப் பிறகு, எங்கள் தலையாரி (கிராம உதவியாளர்) அண்ணனிடம்.

2016-ல் டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதி, கலந்தாய்வில் தஞ்சாவூர் மாவட்டம் எடுத்து வந்தவள் நான். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். வேலை கிடைத்தது பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்தில். கண்ணுக்கு எட்டிய வரை தென்னை. பயிற்சியில் சங்கிலி பிடித்து நிலம் அளக்கவும், சிட்டா, அடங்கல், அ-பதிவேடு என்ற நிலக் கணக்குகளை எழுதவும் சொல்லிக்கொடுத்தார்கள். இதில் அடங்கல் என்பது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் பதிவேடு. பேரிடர் மேலாண்மைக்கும் ஒரு வகுப்பு நடந்தது. மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர், "அடங்கலுக்காக வயல் வயலா அலையாதம்மா, போன பசலியைப் பார்த்து எழுதிடு" என்றார் (பசலி என்றால் ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு). இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நவம்பர் 15 அன்று காலையிலிருந்தே தாலுகா ஆபீஸிலிருந்து போன் மேல் போன். குடிசையில் இருப்பவர்களை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். யார் வருவார்கள்? ஒரு மாதம் முன்புதான், அக்டோபர் 7-ஆம் தேதிக்கு ரெட் அலர்ட் என்று ஊரையே கிளப்பிவிட்டு, கடைசியில் பெரிதாக எதுவும் வரவில்லை. "போன தடவையும் இதேதான் சொன்னீங்க" என்று ஒரு அம்மா அடுப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தலையாரி அண்ணன் அவரிடம் வாதாடவில்லை. வாசலில் கட்டியிருந்த இரண்டு ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் பக்கம் நடந்தார். அந்த அம்மா திட்டிக்கொண்டே பின்னால் வந்துவிட்டார்.

ராத்திரி நூற்றுச்சொச்சம் பேர். ரவை உப்புமா. குடும்ப அட்டை எண், ஆண், பெண், குழந்தை என்று கணக்கு எழுதி முடிக்கும்போது கரண்ட் போனது. நள்ளிரவுக்கு மேல் தொடங்கிய காற்று விடியும் வரை ஓயவில்லை. நடுவில் திசை மாறி அடித்தது. எனக்கு அதன் அர்த்தம் அப்போது தெரியவில்லை. அண்ணன் மட்டும் சுவரில் சாய்ந்தபடி, "முதக் காத்துக்கு நின்னதெல்லாம் இப்ப போயிரும்" என்றார்.

காலையில் வெளியே வந்தபோது வெளிச்சம் அதிகமாக இருந்தது. நிழல் இல்லாததால் வந்த வெளிச்சம் அது என்று புரியக் கொஞ்ச நேரமானது.

முதல் மூன்று நாள் நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. போன் இல்லை, ரோடு இல்லை. உயிர்ச்சேதம், கால்நடைச் சேதம் மட்டும் முதலில் என்று உத்தரவு. அதைத் துண்டுச் சீட்டில் எழுதி, மரம் தாண்டி பைக் ஓட்டத் தெரிந்த ஒரு பையனிடம் கொடுத்து அனுப்பினேன். எங்கள் ஊரில் ஆள் சாகவில்லை. மாடு இரண்டு, ஆடு பதினொன்று. நிவாரணம் மாட்டுக்கு 30,000, ஆட்டுக்கு 3,000 ரூபாய். ஆனால் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும். அவர் வருவதற்குள் நாற்றம் தாங்காமல் நாலு ஆடுகளைப் புதைத்துவிட்டார்கள். புதைத்ததைத் தோண்டிக் காட்டச் சொல்லும் நிலைமை எனக்கு வந்தது. ஒரு பெண்ணாக அல்ல, ஒரு மனுஷியாகவே அன்று அந்த வீட்டு வாசலில் நிற்கக் கூசியது.

நாலாம் நாள் மறியல். விழுந்த தென்னையையே ரோட்டுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். குடிதண்ணீர் இல்லை, மோட்டார் ஓடக் கரண்ட் இல்லை. பக்கத்து மாவட்டத்தில் அதிகாரிகளின் வண்டிகளை எரித்த செய்தி அதற்குள் வாய்வழியாக வந்திருந்தது. என் ஸ்கூட்டியை அண்ணன் தன் வீட்டுக்குப் பின்னால் வைக்கோலுக்குள் மறைத்து வைத்தார். நான் நடந்தே போய் மறியல் கூட்டத்தில் நின்றேன். திட்டினார்கள். திட்டி முடித்ததும் ஒருவர், "சாப்டியாம்மா?" என்றார். சாப்பிடவில்லைதான்.

அதன் பிறகுதான் கணக்கெடுப்பு. இந்த வேலையின் நெஞ்சுக்குழி அதுதான்.

அரசு அறிவித்த தொகை, விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய். ஆக மரத்துக்கு 1,100. ஒரு ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். இந்த 175 எங்கிருந்து வந்தது என்றால், 25 அடிக்கு ஒரு கன்று என்பது வேளாண் துறை சொல்லும் இடைவெளி. அப்படி நட்டால் ஏக்கருக்கு 70 மரம், ஏறக்குறைய இரண்டரை ஏக்கரான ஹெக்டேருக்கு 175. காகிதத்தில் அழகாக இருக்கும். எங்கள் ஊரில் தாத்தா 25 அடியில் வைத்த தோப்பில் பேரன் இடையிடையே கன்று செருகியிருப்பான். வரப்பில் வரிசையாக நிற்கும். கிணற்றடியில் நாலு நிற்கும். ஏக்கருக்கு 90 என்று நான் எழுதினால் மேலே இருப்பவருக்குச் சந்தேகம் வரும், 70 என்று எழுதினால் கீழே இருப்பவர் வயிறு எரியும்.

நான், தோட்டக்கலைத் துறை ஆள் ஒருவர், ஊராட்சிச் செயலர், தலையாரி அண்ணன். இதுதான் குழு. முதல் தோப்பில் நான் தலை எண்ண ஆரம்பித்தேன். காற்று திசை மாறி அடித்ததில் மரங்கள் பாய் முடைந்தது போல ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. மட்டைக்குள் மட்டை. மூன்று முறை எண்ணினேன், மூன்று விடை. 61, 66, 58. அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விழுந்த மரத்த தலையில எண்ணக் கூடாதும்மா. வேர்ல எண்ணணும். தலை எங்க வேணா கிடக்கும், வேர் வச்ச இடத்துலதான் இருக்கும்." ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்து எடுத்துக்கொண்டோம். எண்ணிய தூரில் ஒரு கோடு. பத்துத் தூருக்கு ஒரு கூழாங்கல் அண்ணனின் வேட்டி மடியில். தோப்பு முடிந்ததும் மடியை அவிழ்த்துக் கல்லை எண்ணி என்னிடம் சொல்வார், நான் புல எண்ணுக்கு நேரே எழுதுவேன். அதற்குப் பிறகு எண்ணிக்கையில் ஒருவரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. அவர்களும் கூடவே நின்று எண்ணினார்கள்.

சண்டை வந்தது விழாத மரத்தில். வேர் பிடித்து நின்றது, ஆனால் கொண்டை திருகிக் குருத்து முறிந்து தொங்கியது. சேதமா, இல்லையா? தென்னைக்கு வளரும் இடம் உச்சியில் ஒன்றே ஒன்றுதான். குருத்து போனால் பக்கக் கிளை விட்டுப் பிழைக்க அது வேப்ப மரம் இல்லை. விவசாயிக்கு இது தெரியும். முதல் சுற்றில் எங்களுக்குச் சொல்லப்பட்டதோ விழுந்ததை எழுது என்றுதான். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஒரு மரத்தைக் காட்டினார். தொங்கிய குருத்தைத் துரட்டியால் இழுத்ததும் அடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தது, புளித்த வாடையோடு. "இது உசுரோட இருக்குன்னு எழுதப் போறியா?" என்றார். நான் நோட்டில் தனியாக ஒரு பத்தி போட்டு 'நிற்பவை - குருத்து முறிந்தவை' என்று எழுத ஆரம்பித்தேன். அப்படி ஒரு பத்தி படிவத்தில் இல்லை. அதை மேலே கொண்டுபோய்க் காட்டித் திட்டு வாங்கினேன், இரண்டாவது முறை காட்டியபோது வாங்கி வைத்துக்கொண்டார்கள். தோட்டக்கலைத் துறை ஆள் அவர் பங்குக்கு எழுதியதும் சேர்ந்து, அதில் பெரும்பகுதி பட்டியலில் ஏறியது. ஏறாததும் உண்டு.

இனி அடங்கல் கதை. வாய்க்கால் ஓரம் ஒரு ஏக்கரில் நன்றாகக் காய்த்த தோப்பு, ஒரு விதவை அம்மாவுடையது. எண்ணி முடித்துப் பதிவேட்டைத் திறந்தால் அந்தப் புல எண்ணுக்கு நேரே 'நெல்'. அவர் கணவர் நஞ்சையைத் தென்னையாக்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. பழைய விஏஓ நெல் என்றே எழுதி வந்திருக்கிறார். பசலி 1427-ல், அதாவது 2017-18-ல், நானும் நெல் என்றே எழுதியிருந்தேன், என் கையெழுத்தில், என் அறையில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து. பதிவேட்டில் இல்லாத மரம் எப்படி விழும் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அன்று ராத்திரி மெழுகுவர்த்தி வைத்து மற்ற பக்கங்களையும் புரட்டினேன். அதே மாதிரி இன்னும் ஆறு இருந்தன.

அந்த ஏழுக்கும் மறுபடி புலத்தணிக்கை செய்து, சுண்ணாம்புக் கோடு தெரியும்படி போட்டோ எடுத்து, பக்கத்து நிலத்துக்காரர்களிடம் வாக்குமூலம் வாங்கி, என் தவறு என்று எழுதி தாசில்தாரிடம் கொடுத்தேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வரட்டும். அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "பட்டா மட்டும் அவர் பேர்லயே இருக்கு, அதுக்கு எதுவும் கேப்பாங்களா?" என்று அடுத்த முடிச்சை அவிழ்த்தார்.

பட்டா இன்னும் இறந்தவர் பெயரில். இது ஊர் முழுக்க இருந்தது. தாத்தா பெயரில் கூட்டுப் பட்டா, அனுபவிப்பது மூன்று மகன்கள், ஒருவர் சிங்கப்பூரில். பணம் யார் கணக்கில் போகும்? வாரிசுச் சான்று, மற்றவர்களின் சம்மதக் கடிதம். பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள் மரம் விழுந்த பிறகு என் ஆபீஸ் திண்ணையில் பேசிக்கொண்டதும், பேசிக்கொண்டிருந்தவர்கள் முறைத்துக்கொண்டதும் நடந்தது. குத்தகைக்காரர்கள் பாடு இன்னும் மோசம்; தண்ணீர் விட்டு வளர்த்தவர் ஒருவர், பட்டாவில் பெயர் ஒருவர். புறம்போக்கில் வைத்திருந்தவர்களுக்கு என்னால் எதுவுமே எழுத முடியவில்லை.

குடிசைக் கணக்கில் வேறு ஒரு வேதனை. முழுச் சேதம் 10,000, பகுதிச் சேதம் 4,100. நாங்கள் போவதற்குள் சிலர் கடன் வாங்கிக் கீற்று வேய்ந்துவிட்டார்கள். பிள்ளை குட்டியோடு எத்தனை நாள் வானம் பார்த்துப் படுப்பது? பார்த்தால் புதுக் கூரை. சும்மா கிடந்தவர் முழுச் சேதம், சுறுசுறுப்பாகக் கட்டியவர் பகுதி. பழைய கீற்றுக் குப்பை வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறதா என்று தேடிப் பார்த்து, இருந்தால் முழுச் சேதம் என்று எழுதினேன். விதிப்படி சரியா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்கிடையில் கார்த்திகை தீபம் வந்தது, நவம்பர் 23. ஊரில் கரண்ட் வரவில்லை. வெளி மாவட்ட மின்வாரிய ஆட்கள் வயலுக்குள் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அகல் விளக்கு ஏற்றினால் ஊரே தெரிந்தது, தோப்பு மறைக்காததால்.

வங்கிக் கணக்கு எண் சேகரித்ததைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. பாஸ்புக் நனைந்துபோனவர்கள், வங்கிகள் இணைந்ததில் ஐஎஃப்எஸ்சி மாறியது தெரியாதவர்கள், ஒரு பூஜ்ஜியத்தை நான் விட்டுவிட்டதால் திரும்பி வந்த பணம், எல்லாம் இருந்தது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று: கணக்கு எண்ணை எழுதிய பிறகு ஒருவர் வாசிக்க ஒருவர் பார்க்க வேண்டும், எவ்வளவு தூக்கம் வந்தாலும். ஒரு வங்கிக் கிளையில் வந்த நிவாரணத்தைப் பழைய கடனில் வரவு வைத்துவிட்டதாக நாலு பேர் அழுதுகொண்டு வந்தார்கள். கூடப் போய் நின்று பேசியதில் இருவருக்குத் திரும்பக் கிடைத்தது.

அந்த ஏழு பேருக்கும் பணம் வந்தது, ஊரில் எல்லோருக்கும் பிறகு, பொங்கல் கழிந்து. அந்தத் தாமதத்துக்கு நான்தான் காரணம் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். வழியில் பார்த்தால் இன்றும் மோர் கொடுக்கிறார்.

அடுத்த பசலிக்கு அடங்கல் எழுத வயலுக்கே போனேன், அண்ணனோடு. அந்த அம்மா தோப்பில் தென்னங்கன்று வைத்திருந்தார், ஒவ்வொன்றையும் சுற்றி மட்டை நிழல் கட்டி. எண்ணினோம், 64.

"எழுபதுன்னு எழுதிக்கங்கம்மா, மிச்சம் ஆறு நாளைக்கு வந்துரும்" என்றார்.

"வச்சதும் சொல்லுங்க, வந்து எழுதுறேன்" என்றேன்.

மூன்றாம் நாள் அண்ணன் ஆபீஸுக்கு வந்தபோது மடியிலிருந்து ஆறு கூழாங்கல்லை எடுத்து மேஜையில் வைத்தார். நான் ஸ்கூட்டி சாவியை எடுத்தேன்.