கபேஜ்டவுன்: இரண்டு இடிப்புகளுக்கு நடுவே

ரொறொன்ரோவில் செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில் குடியேறிய ஈழத் தமிழர்கள் பலருக்கு, வெல்லஸ்லி வீதிக்குத் தெற்கே கபேஜ்டவுன் பகுதியில் தெரியும் கூர்ங்கூரைச் செங்கல் வீடுகள் அன்றாடக் காட்சியாக இருந்தன. அதே வகை வீடுகளை இடித்துத்தான் 1960களில் அந்த அடுக்குமாடிகளே எழுப்பப்பட்டன என்பது நம்மவரில் அதிகம் பேசப்படாத செய்தி.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துத் தொழிலாளர்கள் முற்றத்தில் கோவா (முட்டைக்கோஸ்) பயிரிட்டதால் கபேஜ்டவுன் என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அந்த முதல் கபேஜ்டவுன் ஜெரார்ட் வீதிக்குத் தெற்கே இருந்தது. 1940களின் பிற்பகுதியில் அதன் பெரும்பகுதியை இடித்து ரீஜன்ட் பார்க் என்னும் அரச குடியிருப்பைக் கட்டினார்கள். பெயர் மட்டும் வடக்கே டொன் வேல் பகுதிக்கு நகர்ந்தது. அதையும் புதுப்பிக்கிறோம் என்று 1960களில் அதிகாரிகள் திட்டமிட்டபோது, குடியிருந்தவர்கள் எதிர்த்து நின்று காத்தார்கள்.

இவ்வீடுகளின் அழகு வசதியால் வந்ததல்ல, இடநெருக்கடியால் வந்தது என்பேன். காணி ஒடுக்கமானது, பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது. எனவே முகப்பில் பாதிக்கும் அதிகமான இடத்தை அடைத்து, பல முகங்களோடு முன்தள்ளி நிற்கும் சன்னல்களை வைத்து, அவற்றின் மேல் மர வேலைப்பாட்டுடன் கூர்முகடு அமைத்து, கிடைக்கும் வெளிச்சத்தையெல்லாம் உள்ளே இழுத்தார்கள். சிவப்புச் செங்கல்லுக்கு நடுவே வெளிர்மஞ்சள் கல்லை மூலைகளிலும் சன்னல் வளைவுகளிலும் பதித்திருப்பதை மெட்கால்ஃப் வீதியில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சில சுவர்கள் மட்டும் கடற்பஞ்சு போலப் பொள்ளலாக இருக்கும். பழைய பெயின்டை அகற்ற அழுத்தக் காற்றோடு மணலைப் பீய்ச்சியதால், சூளையில் இறுகிய மேல்தோல் போய்விட, ஊறும் நீர் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து கல்லை உதிர்க்கிறது. பழைமையை மீட்கிறோம் என்று நல்லெண்ணத்தோடு செய்த வேலை, நூறாண்டுப் புகையும் மழையும் செய்யாத சேதத்தைச் செய்திருக்கிறது.

இன்று கபேஜ்டவுன் ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் வட்டாரம். வீதிக்குத் தெரியும் முகப்பை மாற்ற நகரசபையின் அனுமதி வேண்டும். உள்ளே சுவர்களைத் தட்டி ஒரே கூடமாக்கினாலும் அந்தச் சட்டம் குறுக்கே வராது. தொழிலாளர் ஒண்டியிருந்த அறைகள் மில்லியன் டொலர் வீடுகளுக்குள் இப்படித்தான் மறைந்துகொண்டிருக்கின்றன.